வாசற்படியில்தான் அந்தப் பெண் வளர்கிறாள்

13 வயதுப் பெண் ஒருத்தியை நடுவில் வைத்து நாவல் எழுதி வருகிறீர்கள். கண்டிப்பான அப்பா, எதற்கும் வாய் திறக்காத அம்மா, படிப்பில் கெட்டிக்காரனான அண்ணன், பள்ளியில் இரண்டு தோழிகள். எல்லோரையும் விரிவாக எழுதியாகிவிட்டது. ஆனால் 150 பக்கம் தாண்டியும் அந்தப் பெண் முதல் பக்கத்தில் இருந்தபடியே இருக்கிறாள் என்கிறீர்கள். இளம் கதைமாந்தரை உருவாக்குவது குடும்பமா, நண்பர்களா, எதற்குக் கூடுதல் இடம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடத்தைப் பங்கு போடுவதால் இந்தச் சிக்கல் தீராது என்று நினைக்கிறேன். பிறர் எழுதும் நாவல்களை அச்சுக்கு முன் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சிறுவர்களை மையமாகக் கொண்ட பிரதிகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். வீட்டு அத்தியாயம் ஒன்று, பள்ளி அத்தியாயம் ஒன்று என்று கதை மாறி மாறி நடக்கும். இரவு வீட்டில் அடி வாங்கிய பிள்ளை, மறுநாள் தோழிகளிடம் அடியே வாங்காத பிள்ளையைப் போலப் பேசும். தோழிகளிடம் அவமானப்பட்ட பிள்ளை, மாலையில் வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். இரண்டு உலகங்களும் தனித்தனியே நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். நடுவில் இருக்கும் வாசற்படி மட்டும் எழுதப்படாமல் கிடக்கும்.

பிள்ளை வளர்வது அந்த வாசற்படியில்தான். வீட்டின் சட்டத்தை உடம்பில் சுமந்துகொண்டு தோழர்களிடம் போகிறது. அங்கே அது செல்லாது என்று தெரிகிறது. தோழர்களின் சட்டத்தைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது. இங்கே அது குற்றமாகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் ஒரு நிமிடத்தில், யாரும் சொல்லித் தராத ஒன்றை அந்தப் பிள்ளை செய்துவிடுகிறது. அதற்கு ஒரு விலையும் கொடுக்கிறது. கதைமாந்தரின் வளர்ச்சி என்று நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் நாவல், சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. பிப் தாய் தந்தையற்ற சிறுவன். சட்டென்று கை ஓங்கும் அக்காவிடமும், கொல்லரான அவளுடைய கணவர் ஜோவிடமும் வளர்கிறான். பணக்காரச் சீமாட்டி ஒருத்தியின் வீட்டில் போய் விளையாடிவிட்டு வரும்படி அவனை ஒருநாள் அனுப்புகிறார்கள். அங்கே அவன் வயதையொத்த எஸ்டெல்லா அவனோடு சீட்டாடுகிறாள். ஒரு சீட்டுக்கு அவன் சொல்லும் பெயரைக் கேட்டு ஏளனம் செய்கிறாள். கைகள் முரடு என்கிறாள். பூட்ஸ் தடித்தது என்கிறாள். நடப்பது அவ்வளவுதான். அதுவரை பிப்புக்குக் கைகள் வெறும் கைகளாக இருந்தன. அன்றைக்கு அவை ஏழைகளின் கைகள் ஆகிவிடுகின்றன. சீட்டுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் ஜோ. ஆகவே, ஜோ இன்னும் கொஞ்சம் நாகரிகமாக வளர்க்கப்பட்டிருக்கக் கூடாதா என்ற எண்ணம் பிப்புக்கு வருகிறது. உலகத்திலேயே அவன்மீது அன்பு வைத்திருந்த ஒரே மனிதர் அவர்.

திரும்பி வந்ததும் அக்கா அவனைத் துளைத்தெடுக்கிறாள். அங்கே என்ன பார்த்தாய், என்ன செய்தாய்? பிப் உண்மையைச் சொல்லவில்லை. கறுப்பு வெல்வெட் வண்டி, வெள்ளிக் கூடையிலிருந்த இறைச்சித் துண்டுகளுக்குச் சண்டையிட்ட பெரிய நாய்கள் என்று வாய்க்கு வந்தபடி புளுகுகிறான். அந்த வீட்டில் பட்ட அவமானத்தை இந்த வீட்டு மொழியில் சொல்வதற்கு அவனிடம் சொற்கள் இல்லை. பின்னர் உலைக்கூடத்தில் ஜோவிடம் மட்டும் தனியாக, எல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்கிறான். அக்காவும் ஜோவும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள்தான். ஆனாலும் பொய் சொல்லும் வீடு ஒன்று, உண்மை சொல்லும் வீடு ஒன்று என்று அவனுக்கு அது அன்றைக்கு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பல அத்தியாயங்கள் கழித்து, கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க லண்டனுக்கு வரும் ஜோ அவனை ‘ஐயா’ என்று அழைக்கிறார். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். பிப் எரிச்சல்படுகிறான். பிறகு அந்த எரிச்சலை நினைத்துக் கூசிப்போகிறான். சீட்டாட்டத்தின்போது ஒரு சிறுமி சொன்ன இரண்டு வார்த்தைகள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றன.

இந்தக் காட்சிகள் எதிலும் பிப்பை மாற்ற வேண்டும் என்று நினைத்து யாரும் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் பிரதியில் அப்பா நீளமாகப் பேசுகிறார். ஒழுக்கம், உழைப்பு, பெண்பிள்ளைக்கு எது அழகு என்றெல்லாம் பேசுகிறார். பிள்ளைகள் அறிவுரையால் உருவாகியிருந்தால் எழுதுவதற்குக் கதையே மிஞ்சியிருக்காது. அப்பா பேசுவதை அவள் கேட்கிறாள். ஆனால் அவளுக்குள் இறங்குவது வேறு. மேலதிகாரி அழைக்கும்போது அவர் எழுந்து நிற்பது, கடன்காரர் வந்தால் குரல் தணிவது, அவர் போனதும் அந்தத் தணிந்த குரலுக்கெல்லாம் சேர்த்து வீட்டில் கத்துவது. உலகத்தில் எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பயந்தவர்கள், பயத்தை இறக்கி வைக்கத் தன்னைவிடச் சிறியவர் ஒருவர் வேண்டும் என்ற பாடத்தை அவள் அங்கே கற்றுக்கொள்கிறாள். அதை அவர் சொல்லித் தரவே இல்லை.

குடும்பம் செய்யும் இன்னொரு வேலை, பிள்ளைக்கு ஒரு வேடத்தைக் கொடுத்துவிடுவது. இவள் பொறுப்பானவள், இவனுக்குக் கோபம் அதிகம், இது எதற்கும் அழாது. பிள்ளை தன்னைத் தானே அறிவதற்கு முன்பே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. வேடத்தை ஏற்றுக்கொண்டால் அன்பு கிடைக்கிறது. அதைக் கழற்ற முயன்றால் அந்த அன்பு ஆட்டம் காண்கிறது. வீட்டுக்குள் இருக்கும் வரை அது வேடம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. அந்த வேடம் தெரியாத ஆட்கள் தேவை. அதனால்தான் ஒரு புதிய தோழியின் வருகை கதையில் இவ்வளவு பலமான நிகழ்ச்சியாக இருக்கிறது. ‘எதற்கும் அழாத பிள்ளை’ என்று அறியாத ஒருத்தி, “உனக்கு வலிக்கவில்லையா?” என்று சாதாரணமாகக் கேட்கும்போது அந்தப் பிள்ளைக்கு முதல்முறையாக வலிக்கிறது.

அண்ணனையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். கெட்டிக்காரன் என்ற நாற்காலியில் அவன் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான். பின்னால் பிறந்தவளுக்கு வீட்டில் வேறு நாற்காலி தேட வேண்டியிருக்கிறது. அவள் படிப்பில் குறைந்தவளாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அந்த இடம் காலியாக இல்லை, அவ்வளவுதான். உடன்பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் உருவாக்குவது போட்டியாலும் பாசத்தாலும் மட்டுமல்ல, இப்படி இடம் பிடித்துக்கொள்வதாலும்தான். உங்கள் பிரதியில் அண்ணன் அவளுக்கு உதவுகிறான் அல்லது கேலி செய்கிறான். அவன் இருப்பதால் அவளால் என்னவாக முடியவில்லை என்பது இன்னும் எழுதப்படவில்லை.

குடும்பம் மறைக்கும் விஷயங்களும் பிள்ளையை உருவாக்குகின்றன. தமிழில் இதைத் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) அளவுக்குத் துணிச்சலாகச் சொன்ன நாவல் குறைவு. அப்புவைச் சிறுவயதிலேயே வேதம் படிக்கப் பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்மா அலங்காரம். பதினாறு ஆண்டுகள் அங்கே வளர்ந்துவிட்டு வீட்டுக்கு வரும்போதுதான், தான் அங்கே அனுப்பப்பட்டதற்கும் அம்மாவின் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பு அவனுக்கு விளங்குகிறது. அவனுடைய படிப்பு, பக்தி, ஒழுக்கம் எல்லாமே அம்மா தன் மனத்துக்குள் செய்துகொண்ட ஒரு கணக்கில் ஒரு வரி. வீட்டை விட்டு விலகியிருந்த ஆண்டுகள் முழுவதும் அந்த வீடுதான் அவனை உருவாக்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தின் கை எட்டாத இடத்துக்கு ஒரு கதைமாந்தரை அனுப்பிவிட்டோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்புவின் நினைவு வரும்.

இதனால்தான் பெற்றோரை இறக்கவைத்துவிட்டால் பிள்ளைக்கு விடுதலை கிடைத்துவிடும் என்ற பழைய உத்தியையும் கவனமாகக் கையாள வேண்டும். உலக இலக்கியத்தில் அனாதைகள் இவ்வளவு பேர் இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. பெற்றவர்கள் இருந்தால் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவுகளை அவர்களே எடுத்துவிடுவார்கள், கதை படுத்துவிடும். ஆனால் இறந்த பெற்றோரும் வேலை செய்கிறார்கள், சில வேளைகளில் இருப்பவர்களைவிட அதிகமாகவே. இல்லாத அப்பாவோடு யாரும் சண்டை போட முடியாது, அவரைத் தோற்கடிக்கவும் முடியாது.

இனி நண்பர்கள். குடும்பத்தைவிட இந்தப் பக்கம்தான் பெரும்பாலான பிரதிகளில் மெலிந்து கிடக்கிறது. தோழி என்றால் ஆறுதல் சொல்பவள், ரகசியம் கேட்பவள், கதாநாயகியின் மனத்தில் உள்ளதை வாசகருக்குச் சொல்வதற்காக எதிரே உட்கார்ந்து தலையாட்டுபவள் என்று ஆகிவிடுகிறது. உங்கள் இரண்டு தோழிகளில் ஒருத்தியின் பெயரை நீக்கிவிட்டு அவளுடைய பேச்சை மற்றவளுக்குக் கொடுத்துப் பாருங்கள். எதுவும் குறையாது என்று அஞ்சுகிறேன்.

ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுக்கு வெளியே பிள்ளை எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரின் வளர்ப்பைவிட ஒத்த வயதுக் கூட்டம்தான் என்பது அவருடைய வாதம். பெரும் சர்ச்சையைக் கிளப்பிய வாதம் அது. பல ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நானும் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் அவர் சுட்டிய ஒரு சிறு உண்மை எழுத்தாளருக்குப் பொன் போன்றது. வேறு நாட்டில் குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் பேசும்போது வருவது பெற்றோரின் உச்சரிப்பு அல்ல, தெருவிலும் பள்ளியிலும் உள்ள பிள்ளைகளின் உச்சரிப்பு. நாக்கே கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உங்கள் கதையில் அந்த மூன்று பெண்களுக்கும் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் இருக்கின்றனவா? அவற்றில் ஒன்று தவறுதலாக வீட்டில் அவள் வாயிலிருந்து விழட்டும். அப்பா நிமிர்ந்து பார்க்கட்டும். அவர் திட்டினாலும் திட்டாவிட்டாலும், தன் மகளின் வாயில் தனக்குத் தெரியாத ஒரு சொல் இருக்கிறது என்று அவர் அறியும் அந்தக் கணம் ஒரு முழு அத்தியாயத்துக்குச் சமம்.

கூட்டம் என்பது கூட்டிப் பார்த்த நட்பு அல்ல; அது தனி விலங்கு. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இருவர் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24க்கு மேல் என்று மூன்று பிரிவாக 306 பேரை எடுத்துக்கொண்டார்கள். கணினியில் ஒரு கார் விளையாட்டு. விளக்கு மஞ்சளாகிவிட்டது, எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டலாம் என்பதுதான் கேள்வி. சிலரைத் தனியே ஆடவிட்டார்கள், சிலரைத் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடவிட்டார்கள். தோழர்கள் பார்க்கும்போது இளையவர்கள் தனியே இருந்ததைவிட வெகுவாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு மிகக் குறைவு. ஆபத்து எவ்வளவு என்று தெரியாத பிள்ளை என்பதால் தப்புச் செய்கிறது என்று நாம் எழுதிவிடுகிறோம். அதே பிள்ளை தனியாக இருந்தால் செய்யாது. உடன் இருக்கும் கண்கள்தான் அதைச் செய்யவைக்கின்றன.

ஆகவே ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் கதாநாயகி ஒரு சிறு திருட்டைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதை மூன்று முறை எழுதுங்கள். தனியாக இருக்கும்போது, முதல் தோழியோடு மட்டும் இருக்கும்போது, இருவரோடும் இருக்கும்போது. மூன்றிலும் அவள் ஒரே மாதிரி நடந்துகொண்டால், உங்களிடம் இருப்பது ஒரு குணத்தின் பெயர்தான், ஆள் இன்னும் வரவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் மூன்றாவது வடிவத்தில்தான் வியப்பு காத்திருக்கிறது. இரண்டு பேர் பார்க்கும்போது, அவர்களில் யாருடைய மதிப்பு அவளுக்கு முக்கியம் என்பது தன்னால் வெளிவந்துவிடும். கூட்டத்துக்குள் ஏணி இருக்கிறது. யார் மேலே, யார் கீழே, யார் நடுவில் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு நொடியில் தெரியும். நடுவில் தொங்குபவர்கள்தான் கீழே இருப்பவரை அதிகமாக மிதிப்பார்கள், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில். கதாநாயகியை நடுவில் வைப்பதுதான் எனக்குப் பிடித்தம். அடிபடுபவளாக வைத்தால் இரக்கம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. மிதிப்பவளாகவும் மிதிபடுபவளாகவும் ஒரே நாளில் இருந்தால்தான் அவளுக்குத் தன்னைப் பற்றி ஏதாவது தெரியவரும்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும். உடன் இருப்பவர்கள் எல்லோரும் ஏற்பாட்டின்படி கண்ணுக்குத் தெரிந்தே தவறான விடையைச் சொல்வார்கள். உண்மையாகவே சோதிக்கப்படுபவர்களில் பலர், தம் கண் சொல்வதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். எழுத்தாளருக்கு அதைவிட முக்கியமான பகுதி அதன் அடுத்த படி. கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னால் போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பெரும்பான்மை தேவையே இல்லை. ஒருவர். கதையில் தோழி செய்ய வேண்டிய மிகப் பெரிய வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆறுதல் சொல்வதெல்லாம் பிறகு. எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்றை முதலில் சொல்லிவிடுகிற ஆள் அவள். உங்கள் கதாநாயகி அந்த ஆளின் நிழலில் நின்று உண்மை சொல்லப் பழகுகிறாள். பிற்பாடு அந்தத் தோழி இல்லாத ஓர் அறையில், முதல் ஆளாக அவளே சொல்ல வேண்டிவரும்.

நட்பு சமமாக இல்லாத இடங்களையும் தவறவிடாதீர்கள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) நாவலில் பண்ணையத்துக்குக் கட்டுப்பட்டு ஆடு மேய்க்கும் கூளையனும் பண்ணையக்காரரின் மகன் செல்வனும் மேய்ச்சல் நிலத்தில் சேர்ந்து திரிகிறார்கள், விளையாடுகிறார்கள். ஆனால் அந்த விளையாட்டுக்குள் சாதியும் கூலியும் எப்போதும் இருக்கின்றன. ஒருவன் நினைத்த நேரத்தில் நண்பனாகவும் எசமானனாகவும் மாற முடியும், மற்றவனால் முடியாது. கூளையனுக்குத் தன்னைப் போன்ற மேய்ப்புப் பிள்ளைகளோடு இருக்கும் உறவு வேறு விதமானது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரு சிறுவன் தன் நிலை என்ன என்பதைப் பெரியவர்களிடம் அல்ல, சக சிறுவனிடமே முதலில் கற்றுக்கொள்வது தெரியும். அங்கே குடும்பமும் நட்பும் தனித்தனிச் சக்திகளாக இல்லை. குடும்பத்தின் நிலைதான் நட்பின் வடிவத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து நிற்கிறது.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த ஆள் அம்மா. வாய் திறக்காத அம்மா. நீங்கள் அவளைப் பின்னணியில் வைத்துவிட்டீர்கள். மகள் அப்பாவோடு மோதுகிறாள், அம்மா கதவோரம் நிற்கிறாள். ஆனால் அந்த மௌனம்தான் இந்த வீட்டின் உண்மையான சொத்து. மகளுக்கு வந்து சேரப்போவது அதுதான்.

அவள் அதை முதலில் ஆயுதமாகப் பயன்படுத்துவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் மௌனம் என்பது தப்பிக்கும் வழி. தோழிகளிடையே அதற்கு வேறு மதிப்பு இருக்கிறது. ஒரு நாள் தோழி ஏதோ சொல்ல, இவள் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். தோழி பதறிப்போகிறாள், சமாதானத்துக்கு வருகிறாள். தன்னிடம் இப்படி ஒரு பலம் இருக்கிறது என்று அன்று இவளுக்குத் தெரிகிறது. அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. பேசாமல் இருந்தே ஆளை அடக்கும் கலையில் அவள் தேர்ந்துவிடுகிறாள். கூட்டத்தின் ஏணியில் ஒரு படி மேலே போகிறாள். வாசகருக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தும், ஏனென்றால் இந்த முகத்தை அவர் கதவோரம் பார்த்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் அந்தத் தோழிகளில் எளியவள் மீது செய்யாத குற்றம் விழுகிறது. செய்தது யார் என்று உங்கள் கதாநாயகிக்குத் தெரியும். ஆசிரியர் கேட்கிறார். மற்றவள் பார்வையாலேயே எச்சரிக்கிறாள். இவள் வாய் திறக்கவில்லை. இம்முறை இது ஆயுதமில்லை, பலமில்லை. கதவோரம் நிற்பதுதான். எளியவள் தண்டிக்கப்படுகிறாள். மாலையில் வீட்டில் அப்பா அண்ணனை வைத்து ஏதோ கத்திக்கொண்டிருக்கிறார். அம்மா கதவோரம் நிற்கிறாள். மகள் அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா கோழை என்று இத்தனை நாள் நினைத்து வந்தவள், அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது உள்ளிருந்து அறிந்திருக்கிறாள்.

அந்த இடத்தில் ‘தான் அம்மாவைப் போலவே ஆகிவிட்டோம் என்று அவள் உணர்ந்தாள்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த வாக்கியம் வந்தவுடன் வாசகர் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் பிடுங்கிவிடுகிறீர்கள். பிள்ளைகளுக்குத் தாங்கள் வளர்வது தெரியாது. பெரும்பாலும் கெட்டுப்போகிறோம் என்றுதான் தோன்றும். 1884 இறுதியில் இங்கிலாந்திலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்த மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில், அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடும் ஜிம்மைக் காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுதுகிறான் ஹக். எழுதியதும் மனம் தூய்மையானதுபோல் இருக்கிறது. பிறகு படகில் ஜிம்மோடு கழித்த நாள்களை நினைத்துப் பார்த்துவிட்டு, நரகத்துக்கே போனாலும் சரி என்று அதைக் கிழித்துப் போடுகிறான். தான் செய்தது நல்லது என்ற எண்ணம் அவனுக்குக் கடைசிவரை வருவதில்லை. ஊர் அவனுக்குக் கொடுத்த மனசாட்சி அவனைக் குற்றவாளி என்கிறது. அவன் அதை நம்பிக்கொண்டே மீறுகிறான். வீட்டின் சட்டத்தை மீறும் பிள்ளைக்குள் இந்தக் குற்றவுணர்வு இருந்தால்தான் மீறலுக்கு எடை வரும். அப்பா சொல்வது தவறு என்று அவளுக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்துவிட்டால் அது வெறும் வாக்குவாதம்.

அதே நாவலின் இறுதிப் பகுதியில் டாம் சாயர் திரும்பி வருகிறான். ஜிம்மை விடுவிப்பது டாமின் கையில் விளையாட்டாக மாறுகிறது. ஹக்கும் அவன் பின்னால் போகிறான். அந்தப் பகுதியை விமர்சகர்கள் நெடுங்காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள், எனக்கும் அது வருத்தம் தரும் பகுதிதான். ஆனால் பழைய நண்பன் ஒருவன் வந்தவுடன், பெற்ற வளர்ச்சியெல்லாம் ஒரு பிள்ளையிடமிருந்து கழன்றுவிடக்கூடும் என்பது பொய்யல்ல. வளர்ச்சி ஒரே திசையில் ஏறும் படிக்கட்டு இல்லை. உங்கள் கதாநாயகியும் ஒருமுறையாவது பின்வாங்கட்டும்.

ஜிம் குடும்பமும் இல்லை, ஒத்த வயதுத் தோழனும் இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். அப்படி ஒரு மூன்றாம் மனிதர் கதையில் இருந்தால் பெரிய வசதி. ஆனால் உங்கள் கதையில் வரும் அந்த நல்ல ஆசிரியையைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அவர் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டுவிடுகிறார். அவர் வந்தாலே அந்தப் பெண்ணுக்கு யோசிக்க வேலை இல்லாமல் போகிறது.

மாற்றத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, ஒரே சூழ்நிலையை இரண்டு முறை கொண்டுவருவது. முதல் அத்தியாயத்தில் அப்பா, “எங்கே போயிருந்தாய்?” என்று கேட்கிறார், அவள் பொய் சொல்கிறாள். இறுதிப் பகுதியில் அதே கேள்வி, அதே இடம், ஏறக்குறைய அதே குரல். இம்முறை அவள் என்ன சொல்கிறாள்? உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. “சொல்ல மாட்டேன்” என்று சொல்லலாம். பொய்யும் இல்லாத, பணிவும் இல்லாத, அம்மாவின் மௌனமும் இல்லாத இரண்டு சொல் விடை. அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எளியவளிடமிருந்து அவள் அதைக் கற்றிருக்கலாம்; பழி விழுந்த அன்று அந்தப் பெண் ஆசிரியர் முன்னால் அழாமல் நின்ற விதத்திலிருந்து.

அந்த விடை வீட்டையும் அசைக்க வேண்டும். குடும்பம் பிள்ளையை உருவாக்குகிறது என்றால், மாறிய பிள்ளை குடும்பத்தையும் மாற்றும். ‘எதையும் மறுக்காத மகள்’ என்ற நாற்காலி திடீரென்று காலியானால் மற்றவர்கள் எல்லோரும் இடம் மாறி உட்கார வேண்டியிருக்கும். அப்பா கத்துவார் என்று எதிர்பார்க்கும் இடத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். அது அவள் இதுவரை பார்த்திராத பயம். அம்மா என்ன செய்வாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். அவளை நீங்கள்தான் அறிவீர்கள். இவ்வளவு நாள் கதவோரம் நிறுத்தியதும் நீங்கள்தான். அவள் ஒரு வாக்கியம் பேசக்கூடும். அது மகளுக்கு ஆதரவாக இருக்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். பல ஆண்டுகள் மௌனமாக இருந்தவளுக்கு, மகள் பேசுவதைக் கேட்கும்போது முதலில் கோபம்கூட வரலாம்.

நடைமுறையாகச் செய்ய வேண்டியது இது. 150 பக்கங்களையும் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு பள்ளி அத்தியாயத்தின் முடிவிலும் அவள் வீட்டுக்கு நடந்து வரும் வழியை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டு அத்தியாயத்துக்குப் பிறகும் மறுநாள் காலை அவள் தோழிகளைச் சந்திக்கும் முதல் நிமிடத்தை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் அரைப் பக்கம் போதும். எதை மறைக்கிறாள், எந்தச் சொல்லை வாசலில் கழற்றி வைக்கிறாள், எந்த முகத்தை எடுத்து மாட்டுகிறாள் என்பதை மட்டும் எழுதுங்கள். அவற்றில் பாதியைப் பிறகு நீக்கிவிடுவீர்கள். மீதிப் பாதியில் அவள் நடமாடத் தொடங்கியிருப்பாள். இரண்டாவது தோழி யார் என்பதும் அப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன், பழி யார்மீது விழப்போகிறது என்பதும்.